பதினான்காவது பொருள்

லைன்மேன் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். நகராட்சித் தெருவிளக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு ஏணி போயிற்று, வேலை போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால், "லைன்மேன், இன்னிக்கு எத்தனை டம்ளர் ஆச்சு?" என்றுதான் கேட்பாள்.

ஒரு நாளைக்கு அவருக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீர். டீயும் அதில்தான் சேர்த்தி. மாத்திரை விழுங்குவதற்கும் அதில்தான். கோடையில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து, தெருக்குழாயில் ஊர் ஜனம் குடம் குடமாய்ப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கொஞ்சம் மெதுவாப் பிடிங்கம்மா, சத்தம் கேக்கவே வயிறு எரியுது" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். உள்ளே இருக்கும் பெண்டாட்டிக்கு மட்டும் சிரிப்பு வராது.

அவளுக்கு லாண்டரியில் வேலை. ஊரிலுள்ள ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாய் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைக்குள் விட்டு எடுக்கும் இடம். ஒருத்தி இந்தப் பக்கம் ஈரத்துணியைக் கொடுப்பாள், அந்தப் பக்கம் கொதிக்கக் கொதிக்க வருவதை இவள் வாங்கி நாலாக மடிக்க வேண்டும். ஒரு நொடி அசந்தால் அடுத்தது மேலே வந்து விழும். முழங்கை வரை அவளுக்கு எப்போதும் சிவந்தே இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மதியத்துக்கு மேல்தான் வேலைக்கு வருவாள். அந்த இரண்டு நாள் காலையும் லைன்மேனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயாக வேண்டும்.

நகராட்சி ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் இரண்டு இருந்தன. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன். ஒன்பது நோயாளிகள் அந்த இரண்டையும் நம்பி உயிரை வைத்திருந்தார்கள். இயந்திரப் பராமரிப்புக்கும் டெக்னீஷியனுக்கும் வருடா வருடம் ஒப்பந்தம் போடுவார்கள். அந்த வருட ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிய இருந்தது. அதை நீட்டிக்க நகர்மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் இல்லாமல் கமிஷனர் கையெழுத்துப் போட மாட்டார். போட்டால் அவர் வேலைக்கே வினை.

சிக்கல் என்னவென்றால், கூட்டமே நடக்கவில்லை. மீன் மார்க்கெட் கடைகளை யாருக்குக் கொடுப்பது என்பதில் தலைவிக்கும் துணைத் தலைவருக்கும் முட்டிக்கொண்டது. துணைத் தலைவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு புறக்கணிப்பு என்று வெளியே போய்விட்டார். இருபத்தொரு உறுப்பினரில் தலைவி பக்கம் பத்துப் பேர். பதினோரு பேர் உட்கார்ந்தால்தான் கூட்டம்; அந்தக் கணக்குக்குக் கோரம் என்று பேர். இரண்டு தடவை கூடி, அரை மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

முதல் தடவை அவள் வீட்டுக்கு வந்து, "கோரம் இல்லையாம், அதான் கூட்டம் நடக்கலையாம்" என்றாள்.

"அங்க உக்காந்திருக்குற மூஞ்சிங்களப் பாத்தியா? கோரத்துக்கு என்ன குறைச்சல்?" என்றார் லைன்மேன்.

இரண்டாம் தடவை அவருக்கும் விளையாட்டுப் பேச்சு வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இயந்திரத்தில் ஏதோ ஒன்று உடைந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறிப்போனது. சனிக்கிழமை கால் இரண்டும் பூசணிக்காய்போல வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவரால் படுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். "தண்ணிக்குள்ள முக்கிப் பிடிச்ச மாதிரி இருக்குடி" என்றார். திங்கட்கிழமை உதடு நீலம் பாரித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் இயந்திரம் சரியானதால் பிழைத்தார். நாலு மணி நேரப் பயணத்தில் பெரிய நகரம் ஒன்று இருக்கிறது. அங்கே இடம் கேட்டுப் பெயர் கொடுத்து ஐந்து மாதமாகிறது. இவருக்கு முன்னால் வரிசையில் எத்தனையோ பேர்.

மூன்றாவது கூட்டம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்றுதான் மாதக் கடைசி. மறுநாள் வெள்ளி.

லாண்டரியில் சொல்லிவிட்டு அவள் ஒன்பதே முக்காலுக்கே நகர்மன்றத்துக்குப் போய்விட்டாள். முதல் கூட்டத்துக்கு ஒன்பது நோயாளிகளின் வீட்டாரும் வந்திருந்தார்கள். இரண்டாவதற்கு நாலு பேர். இன்றைக்கு அவள் மட்டும்தான். மற்றவர்கள் வேறு ஊர்களில் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். மன்றத்தின் கடைசியில் மரத்தடுப்புக்குப் பின்னால் பார்வையாளர் பெஞ்சு. அதில் உட்கார்ந்து தலைகளை எண்ணினாள். தலைவியோடு சேர்த்துப் பத்து. இன்னொரு முறை எண்ணினாள். எத்தனை முறை எண்ணினாலும் பத்துதான்.

வாசலில் நிற்கும் பியூன் லைன்மேனோடு பழகியவர். ஓசைப்படாமல் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னிக்கும் இப்படித்தாம்மா. பத்தரை வரைக்கும் பாப்பாங்க. அப்புறம் எழுந்து போயிருவாங்க."

"இன்னும் ஒரே ஒரு ஆளு வந்தாப் போதுமாண்ணே?"

"ஒரு ஆளு போதும். ஆனா அந்த ஒரு ஆளு எங்கருந்து வர்றது?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நகர்மன்றத்திலிருந்து பஸ் நிலையம் நடந்து பத்து நிமிடம். அவள் ஐந்து நிமிடத்தில் போனாள். பஸ் நிலையத்தின் மதிலை ஒட்டி நகராட்சிக்குச் சொந்தமான ஒன்பது கடைகள். அதில் ஆறாவது பஞ்சர் கடை. கடைக்காரரை ஊரில் 'பஞ்சர்' என்பார்கள். நாலு தேர்தலில் யார் யாரோ நின்ற வார்டில், எந்த நேரத்தில் போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் டயர் கழற்றுகிற மனுஷன் என்பதற்காகவே ஜனம் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தது. துணைத் தலைவர் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும். அப்போது ஒரு வேன் சக்கரத்தின் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் யாரென்று தெரிந்தது. எதற்கு வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் காலால் ஒரு பழைய டயரை அவள் பக்கம் தள்ளி, "உக்காருங்கக்கா" என்றார்.

"உக்கார நேரமில்ல தம்பி. பத்துப் பேர் வந்திருக்காங்க. ஒருத்தர் குறையுது."

"தெரியும்கா. ஃபோன் வந்துக்கிட்டேதான் இருக்கு. ரெண்டு பக்கத்துலருந்தும் வருது."

"வந்து உக்காந்தாப் போதும். வாயத் தொறக்க வேண்டாம். யாருக்கும் கை தூக்க வேண்டாம். சும்மா உக்காந்திருங்க."

"சும்மா உக்காருறதுதான் இப்பப் பெரிய குத்தம்." டியூபைத் திருப்பி மறுபடி அமுக்கினார். "இந்த வரிசையில ஒன்பது கடைக்கும் குத்தகை முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. புதுப்பிக்கல. மார்க்கெட் கமிட்டி யார் கையில இருக்கு? துணைத் தலைவர் கையில. நீ பாட்டுக்கு நடத்து, நான் இருக்கேன்னு வாயாலதான் சொல்லியிருக்காரு. காகிதம் ஒண்ணும் கிடையாது. நான் அங்க போய் உக்காந்த அடுத்த நிமிஷம் இங்க பூட்டு."

அவள் அந்த டயரைத் தாண்டி இன்னும் கிட்டே வந்து நின்றாள்.

"மத்தவங்களையெல்லாம் கேட்டீங்களா?"

"போன வாரமே வீடு வீடாப் போனேன். ஒருத்தரு குளிக்கிறாருன்னாங்க. ஒரு மணி நேரம் நின்னேன், குளிச்சு முடிக்கல. ஒருத்தரு வீட்ல நாயை அவுத்து விட்டாங்க. சைக்கிள் கடை வச்சிருக்காரே, அவரு, எல்லாருக்கும் ஒரு நாள் சாவு உண்டும்மான்னு புத்தி சொல்லி அனுப்பினாரு."

"நான் மட்டும் என்ன செய்வேன்னு எங்கிட்ட வந்தீங்க?"

"நீங்க உக்காரச் சொல்ற ஆளுன்னு தெரியும். அவங்க யாரும் அது கூடச் சொல்லல."

தொட்டியில் ஒரு மூலையிலிருந்து சின்னச் சின்னதாய்க் குமிழி கிளம்பியது. அவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். விரலை எடுக்கவுமில்லை, குறி போடவுமில்லை.

"நாளைக்குப் போடலன்னா என்னாகும்?"

"ஞாயித்துக்கிழமை மூச்சு வாங்கும். திங்கக்கிழமை..."

எதிரே ஒரு பஸ் கிளம்பி, புகையைக் கக்கிக்கொண்டு திரும்பிப் போனது. பஞ்சர் டியூபைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். சோப்புத்தூளை உள்ளங்கையில் கொட்டி, மணலையும் சேர்த்துக் கறுத்துப்போன கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"இந்தக் கையோட போனா நாற்காலி அழுக்காயிரும்" என்றார்.

அவர்கள் படியேறும்போது பத்து இருபத்தெட்டு. தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டை மூடப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். தலைவி எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நாலைந்து குரல். மூன்று மாதம் ஆள் உட்காராத நாற்காலியைப் பியூன் தோள்துண்டால் தட்டிவிட்டார். பஞ்சர் யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் தடுப்புக்குப் பின்னால் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எழுத்தர் பொருள்களின் பட்டியலை வாசித்தார். மொத்தம் இருபத்திரண்டு. ஆஸ்பத்திரி பதினான்காவது.

பதினான்கு பொருள் என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மாதம் பேசாமல் இருந்த வாய்களுக்கும் அது தெரியாது. ஏழாவது வார்டில் புது விளக்கு மஞ்சளாகப் போடுவதா வெள்ளையாகப் போடுவதா என்று முக்கால் மணி நேரம். மஞ்சள் என்றால் பூச்சி வராது என்றார் ஒருவர். பூச்சி வராவிட்டால் பல்லி எதைத் தின்னும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். லைன்மேன் இங்கே இருந்தால் எந்தக் கம்பத்துக்கு எது சரி என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்தாள். தெருநாய்களுக்கு அரை மணி. கொசு மருந்துப் புகை எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்பதற்கு இன்னொரு அரை மணி. எல்லோருக்கும் அவரவர் தெருவிலிருந்துதான் தொடங்க வேண்டும். பூங்காவுக்குத் தலைவியின் மாமனார் பெயரை வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, செத்தவரைப் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினார்கள்.

பியூன் டீ கொண்டுவந்தார். யாராவது டீயைச் சாக்கிட்டு வெளியே போய்விடுவார்களோ என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் டீயைத் தொடவில்லை. அவர் கை விரல்கள் மேஜை மேல் இருந்தன. எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

பதினோராவது பொருள், பொதுக் கழிப்பிடம். அப்போது பஞ்சரின் ஃபோன் மேஜை மேல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி அதிர்ந்தது. இந்த முறை காதில் வைத்துக் கேட்டார். எழுந்தார்.

எழுத்தரின் பேனா நின்றது. பதினொன்றில் ஒன்று போனால் கூட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். பஞ்சர் வாசல் பக்கம் வராமல் மரத்தடுப்பின் பக்கம் வந்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"அக்கா, கடையில ஆளுங்க வந்திருக்காங்களாம். சாமானை வெளிய எடுக்கக்கூட விட மாட்டேங்குறாங்களாம். என் பொண்டாட்டி அங்க நிக்கிறா. நான் இப்பப் போய்க் கால்ல விழுந்தா விட்டுருவாங்க. போயிட்டு வந்துடறேன்."

போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இன்னும் இரண்டு பொருள்தான் நடுவில். அந்தக் கணத்தில் அவளுக்கு அவருடைய பெண்டாட்டி ஞாபகம் வந்தது. சாயங்காலங்களில் கடை வாசலில் இரண்டு பெண் பிள்ளைகளையும் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். போங்க தம்பி என்று சொல்வதற்கு வாய் திறந்தது. திறந்த வாயில் வேறு வார்த்தை வந்தது.

"போகாதீங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"போகாதீங்க தம்பி" என்று இன்னொரு தடவை சொன்னாள். தடுப்பின் மேலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சுவதுபோல் இல்லை, இறுக்கிப் பிடித்தாள். உருளையிலிருந்து துணி வாங்கிப் பழகிய கை. அவர் தன் கையை மெல்ல உருவிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை அவர் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"பொருள் எண் பதினான்கு. நகராட்சி மருத்துவமனை, ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு, பராமரிப்பு மற்றும் பணியாளர் ஒப்பந்தம், ஓராண்டுக்கு நீட்டித்தல்."

"இது என்னது?" என்றார் தலைவி.

"வருஷா வருஷம் வர்றதுதாம்மா."

மூலையிலிருந்து ஒருவர், "எதுக்கு ஒரேயடியா ஒரு வருஷம்? மூணு மாசம் குடுத்துப் பாப்போம். அப்புறம் யோசிக்கலாம்" என்றார்.

"சரி, மூணு மாசம்னு போட்டுக்குங்க. யாருக்காவது மறுப்பு இருக்கா? இல்ல. அடுத்தது."

எழுத்தர் எழுதிவிட்டார். பதினைந்தாவது பொருளை வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு முதலில் புரியவில்லை. பியூனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி, மூன்று விரலைக் காட்டினார். பஞ்சர் ஏற்கெனவே எழுந்து ஓடிக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே எழுத்தரின் குரல் கேட்டது: "கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது." பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வரை அப்படியே கிடந்தது.

அவள் பஸ் நிலையத்துக்குப் போனபோது ஷட்டர் இறங்கி, பூட்டுத் தொங்கி, அதன் மேல் நகராட்சி முத்திரை ஒட்டியிருந்தது. காற்றடிக்கும் மெஷின், ஜாக்கி, ஸ்பேனர்கள் எல்லாம் உள்ளே. டியூப் அமுக்கியிருந்த தொட்டியைக் காலால் எட்டி உதைத்திருக்க வேண்டும், தண்ணீர் வாசலெங்கும் ஓடிக் கிடந்தது. வேன்காரன் என் டியூபைக் குடு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஞ்சரின் பெண்டாட்டி மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இவளைப் பார்த்த பார்வையில் திட்டு எதுவும் இல்லை. யார் இது என்பதுபோலப் பார்த்தாள்.

"தம்பி" என்றாள் இவள்.

பஞ்சர் பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அக்கா, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க. உங்களப் பாத்தா கோபம் வருது. உங்க மேல கோபம் இல்ல. வேற யார் மேல காட்டுறதுன்னு தெரியல, அதான்."

"நான் போய்த் துணைத் தலைவர்கிட்டப் பேசறேன்."

"என்ன பேசுவீங்க? போங்கக்கா. நாளைக்கு அவரைக் கூட்டிட்டுப் போங்க."

அவள் போனாள். வேறெங்கும் போகத் தோன்றாமல் நேரே லாண்டரிக்குப் போய், கேட்பாரில்லாமல் தன் இடத்தில் நின்று, வந்து விழுகிற துணியை மடிக்க ஆரம்பித்தாள். எதிரே ஈரத்துணி கொடுக்கிறவள், "என்னக்கா, நடந்துச்சா?" என்று கேட்டாள். "நடந்துச்சு" என்றாள். "அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது அடுத்த விரிப்பை இழுத்து மடித்தாள். வீட்டில் லைன்மேனிடம் தீர்மானம் நிறைவேறியதை மட்டும் சொன்னாள். மூன்று மாதம் என்றாள். அவர், "மூணு மாசம்னா மூணு மாசம். வர்றது வரட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பதினோராவது ஆள் யார் என்று கேட்டார். அசதியாக இருக்கிறது என்று சொல்லி அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டெக்னீஷியன் சிரித்த முகமாக இருந்தார். இயந்திரத்தைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். எடை பார்த்தார்கள், மூன்றரைக் கிலோ கூடியிருந்தது. லைன்மேனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குளிருக்குப் போர்வை போர்த்திவிட்டாள். அடுத்த நாற்காலியில் ஒரு பேக்கரிக்காரர், அவருக்கு முன்னாலேயே ஊசி போட்டுவிட்டார்கள். பஸ் நிலையத்தின் எதிரே கடை வைத்திருந்தவர்.

"நம்மளால பாவம், பஞ்சர் நடுத்தெருவுக்கு வந்துட்டான்" என்றார் பேக்கரிக்காரர். "நேத்துக் கூட்டத்துல அவன்தான் வந்து உக்காந்தானாம். பாதியில எழுந்திருச்சானாம். உங்க வீட்டம்மாதான் கையப் பிடிச்சு உக்கார வச்சாங்களாமே. ஊரே பேசுது."

லைன்மேன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"பஞ்சரா?"

"ம்."

"கடைய அடைச்சுட்டாங்களா?"

"பூட்டு போட்டாச்சு."

"அவன் போறேன்னு சொன்னானா?"

"சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"போகாதீங்கன்னேன்."

அவர் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கடை வரிசைக்கு முதல் விளக்கைப் போட்டதே அவர்தான். டெக்னீஷியன் பஞ்சில் மருந்தை நனைத்து, ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "கையக் காட்டுங்க சார்" என்றார்.

லைன்மேன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சார்."

"வேணாம்பா."

"என்ன சார் இது, குழந்தை மாதிரி."

"அவனுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றார் லைன்மேன். டெக்னீஷியனிடம் சொல்லவில்லை. "மூணு மாசம் நான் இங்க படுத்து எழுந்து போவேன். மூணு மாசம் அவன் என்ன பண்ணுவான்? மூணு மாசம் கழிச்சு நீ யார் கையப் பிடிக்கப் போற?"

"தெரியல" என்றாள் அவள்.

"உனக்குத் தோணவே இல்லையா, போகட்டும்னு?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

பேக்கரிக்காரர் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இயந்திரம் ஒரு தடவை பீப் என்று கத்தி அடங்கியது. டெக்னீஷியன் ஊசியைப் பிடித்தபடி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார்.

அவள் முன்னால் வந்து போர்வையை விலக்கினாள். அவர் கை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை, ஆனால் மூன்றரைக் கிலோ தண்ணீர் ஏறிய உடம்பில் எவ்வளவு நேரம்தான் பலம் இருக்கும். கையைப் பிரித்து நாற்காலியின் பலகை மேல் வைத்து, முழங்கைக்கு மேலே ஒரு கையும் மணிக்கட்டில் ஒரு கையுமாக அமுக்கிக்கொண்டாள். ஊசி போடுவதற்கென்றே ஆபரேஷன் செய்து புடைக்க வைத்த ரத்தக்குழாய் அவள் விரலடியில் வண்டு சிக்கியதுபோல இரைந்தது.

"போடுங்க" என்றாள்.

டெக்னீஷியன் தயங்கினார்.

"நான் பிடிச்சுக்கிறேன். போடுங்க."

ஊசி இறங்கியது. குழாயில் ரத்தம் ஏறி இயந்திரத்துக்குள் போனது. லைன்மேன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அதைத் துடைக்க வேண்டுமானால் அவள் ஒரு கையை எடுத்தாக வேண்டும். அவள் எடுக்கவில்லை.